பெயரை மாற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி:

நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். கலியாணமாகி மூன்று வருடம். முதல் ஒரு வருடத்துக்கு மேலாக எங்களுக்குள் உடலுறவு நடக்கவில்லை. விருப்பம் இல்லாமல் இல்லை, உடம்பு விடவில்லை. தாங்க முடியாத நோ. அந்தக் காலம் முழுக்க "விசேஷம் ஒண்டும் இல்லையோ" என்று கேட்காத சனம் இல்லை. மாமி கந்தசஷ்டி விரதம் பிடிக்கச் சொன்னா, பிடித்தேன். கடைசியில் ஒரு டொக்டரிடம் போனபோதுதான் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, சுகப்படுத்தலாம் என்று தெரிந்தது. இப்போது சுகம்.

ஓர் இணைய இதழ் பாலியல், பால்நிலை பற்றிய எழுத்துகளைக் கேட்டிருக்கிறது. எழுதி முடித்துவிட்டேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். புனைபெயரில் அனுப்பினால் போதுமா? சில சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது? என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி பெண்களை விரும்புகிறவள். அவளைப் பற்றியும் ஒரு பந்தி வருகிறது, அது சரியா? கணவருக்கு இன்னும் சொல்லவில்லை.

— பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

கட்டுரையை வாசிக்க முதல், பழக்கதோஷத்தில் கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். எழுதியவர் என்ற இடத்தில் ஓர் ஆணின் முழுப்பெயர் இருந்தது. உங்கள் கணவராகத்தான் இருக்க வேண்டும், மடிக்கணினி அவருடையதாக்கும். அவருக்குச் சொல்லாமல் எழுதிய கட்டுரைக்கு அவரே ஆசிரியர்! முதலில் சிரித்துவிட்டேன். இதே கோப்பு இதழுக்குப் போய், அங்கிருந்து நாலு பேர் கைமாறியிருந்தால் என்று யோசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இதைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. வேர்ட் கோப்பின் விவரப் பகுதிக்குப் போனால் எழுதியவர், கடைசியாகத் திருத்தியவர் என்ற பெயர்களை அழித்துவிடலாம். கூகுள் டொக்கில் பகிர்ந்தால் உங்கள் கணக்கின் பெயரும் படமும் சேர்ந்தே போகும் என்பதால் புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்து அதிலிருந்து அனுப்புங்கள். அதற்கு மீட்பு இலக்கமாக வீட்டில் எல்லாரும் பாவிக்கும் போனைக் கொடுக்க வேண்டாம். படம் ஏதாவது இணைப்பதென்றால், போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கக்கூடும், அதையும் நீக்க வேண்டும். பிறகு, கட்டுரையை பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் இதழ்க்காரர் திறக்கும்போது வெறும் கோலமாகத்தான் தெரியும்.

கடினமான வேலை இனித்தான் இருக்கிறது. அதற்கு என்னுடைய ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் நான் பதிப்பாசிரியராக இருந்த ஓர் இதழில் ஒரு பெண் தன் வீட்டுக்குள் நடந்ததை எழுதினாள். பெயரை மாற்றினோம், ஊரின் பெயரை எடுத்தோம். ஆனால் வீடு தேர்முட்டிக்கு எதிரே இருந்ததும், அவளுக்கு மேல் மூன்று அக்காமார் என்பதும், ரொறொன்ரோவில் அண்ணன் செய்த வியாபாரமும் அப்படியே இருந்தன. எழுத்துக்கு உயிர் கொடுக்கும் விவரங்கள் என்று நானே அவற்றை விட்டுவைத்தேன். மூன்றாம் நாள் ரொறொன்ரோவிலிருந்து அவளுக்குத் தொலைபேசி வந்தது. வட்ஸ்அப்பில் அவர்களுடைய ஊர்ச் சங்கம் முழுக்கச் சுற்றியிருந்தது. தங்கைக்குப் பேசிவந்த சம்பந்தம் குழம்பிப்போனது. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிறகு எழுதவுமில்லை.

எங்கள் ஊரில் ஒருவரைப் புதிதாகக் கண்டால் பெயரையா கேட்கிறோம்? "எவடம்? ஆற்றை மகள்?" என்றுதான் கேட்கிறோம். பெயர் கடைசியில் வரும், சில வேளை வராமலே போகும். இன்னாரின் மகள், இன்னாரின் மருமகள், இந்தச் சந்தி, இந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான் இங்கே ஒரு ஆள். அதனால் பெயரை மட்டும் மாற்றுவது ஆளை மறைக்காது.

இது பழைய சங்கதி. பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒன்று இருக்கிறது. பிரிவில் வாடும் தலைவி ஒரு பக்கம், நடுச்சாமத்திலும் உறங்காமல் பாசறையில் காயப்பட்ட வீரரைப் பார்த்துக்கொண்டு போகும் அரசன் மறுபக்கம். இருவருக்கும் பெயர் இல்லை. அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. புலவர் அதை மீறவில்லை. ஆனால் அரசனுக்கு முன்னால் போகிறவனின் வேலில் வேம்பு கட்டியிருந்தது என்று ஒரு வரி வந்துவிட்டது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு பூவைப் பிடித்துக்கொண்டு, இது அகம் இல்லை, புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்பெழுதிவிட்டார். ஊர்ச் சனம் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை.

உங்கள் கட்டுரையில் பதினொரு வேப்பம்பூ இருக்கிறது. அவை என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் என்ன பாடம் படிப்பிக்கிறீர்கள் என்பதையும் உங்கள் கடிதத்திலிருந்து நானே எடுத்துவிட்டேன். கோப்பில் மஞ்சள் பூசித் தனியாக அனுப்பியிருக்கிறேன். மாமி எந்த வேலையிலிருந்து இளைப்பாறினா என்பது கதைக்குத் தேவையே இல்லை. டொக்டர் இருந்த இடமும் அப்படித்தான். கலியாண வீட்டில் நடந்த அந்தச் சம்பவம் நல்ல பகிடி, ஆனால் அன்று அங்கே சாப்பிட்ட 400 பேருக்கும் அது ஞாபகம் இருக்கும். எடுத்துவிடுங்கள். இல்லாத ஒன்றை அந்த இடத்தில் புனைந்து போடவும் வேண்டாம். ஏதாவது ஒன்றை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஆசிரியருக்கு அதைச் சொல்லி, சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன என்று கீழே ஒரு வரி போடச் சொல்லுங்கள். வாசகரும் ஏமாந்ததாக நினைக்கமாட்டார்.

விரதத்தை மட்டும் எடுக்கக் கூடாது. சஷ்டி விரதம் பிடிக்காத வீடுகளை இங்கே எண்ணிவிடலாம், அதனால் அதை வைத்து உங்களை யாரும் அடையாளம் காண முடியாது. அதோடு, கட்டுரையின் உயிரே அதுதான். "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று மாமி சொல்ல, நீங்கள் ஆறு நாளும் பாலும் பழமுமாகக் கிடந்து பிள்ளை வரம் கேட்கிறீர்கள். அறைக்குள் இன்னும் எதுவுமே நடக்கவில்லை என்பது உங்களுக்கும் அவருக்கும் முருகனுக்கும் மட்டும் தெரியும். இதைவிட என்ன வேண்டும்? கட்டுரை இந்த இடத்தில் தொடங்க வேண்டும். இப்போது அது "பாலியல் என்பது மனித வாழ்வின் பிரிக்க முடியாத அங்கமாகும்" என்று தொடங்கி மூன்று பந்திக்குப் பாடம் நடத்துகிறது. வாத்தியார் தொழில் செய்யும் வேலை அது. வெட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அதே பந்தியில் கோயிலை வைத்து ஒரு நக்கல் வருகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் இந்த நாட்டில் பாலியலும் மதமும் ஒரே பக்கத்தில் சந்திக்கும்போது கவனம் தேவை. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகக் கைதுசெய்யப்பட்டார். பிக்கு வாழ்வையும் பாலியலையும் அந்தக் கதை தொட்டிருந்தது. மத வெறுப்பைத் தூண்டுவதையும் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தை அவர் மீது பிரயோகித்தார்கள். ஓகஸ்ட் வரைக்கும் விளக்கமறியலில் இருந்தார். உங்கள் நக்கல் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் மாமி பக்தியோடு சொன்னதை நக்கலில்லாமல் அப்படியே எழுதினால் இன்னும் கூடத் தைக்கும் என்று நினைக்கிறேன்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சுருக்கமாக: 1927 ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. உடம்பின் நோவையும் வைத்தியத்தையும் பற்றி எழுதுகிற உங்கள் கட்டுரைக்கு அதனால் பயம் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். அரச பாடசாலை ஆசிரியை என்பதால், ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பது பற்றி அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையில் உள்ள கட்டுப்பாடுகளையும் நினைவில் வையுங்கள். பாடசாலை, அதிபர், பிள்ளைகள் பற்றி ஒரு வசனமும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உங்களிடம் கேட்ட கேள்வியை எழுதியிருக்கிறீர்களே, அது உங்களுடையதல்ல, அந்தப் பிள்ளையுடையது.

இனி உங்கள் கணவர்.

அவரிடம் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. உங்கள் உடம்பில் நடந்ததை எழுத உங்களுக்கு ஒருவரின் அனுமதியும் தேவையில்லை. ஆனால் அனுப்ப முதல் வாசிக்கக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த அறையில் இரண்டு பேர் இருந்தீர்கள். ஒருவேளை ஊருக்குத் தெரியவந்தால் உங்களைப் பாவம் என்பார்கள். அவரை என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பார்த்தீர்களா? சலூனிலும் விளையாட்டுக் கழகத்திலும் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், அது சாகும்வரை போகாது. நீங்கள் எழுதியபடி பார்த்தால், ஒரு வருடத்துக்கு மேல் அவர் உங்களை ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "இப்ப அவசரமில்லை" என்று தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் தன் கதையை இணையத்தில் முதன்முதலாக வாசிக்கக்கூடாது.

வேண்டாம் என்று சொன்னால்? அவர் வரும் பகுதியை எடுங்கள். அம்மா, மாமி, டொக்டர், நீங்கள் என்று நாலு பேரை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதிவிடலாம். எழுதிப் பார்த்தேன், நிற்கிறது. முழுதாகவே வேண்டாம் என்றால் அது உங்கள் இருவருக்கும் இடையிலான கதை, நான் உள்ளே வரமாட்டேன். இதைக் காட்டினால் வீட்டில் கை ஓங்கப்படும் என்ற பயம் துளியாவது இருந்தால் மட்டும் காட்டவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். முதலில் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கடிதத்தில் எல்லாம் தெரியாது.

சிநேகிதியின் பந்தியை எடுத்துவிடுங்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

"அவளுக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன தெரியும்? நீங்கள் ஏதோ எழுதுகிறீர்கள் என்பதா, இந்த ஒன்பது வசனங்களுமா? ஒரு பேச்சுக்கு ஓம் சொல்வது வேறு, அச்சில் வரப்போகும் வசனத்தைப் பார்த்து ஓம் சொல்வது வேறு. ஒரே பாலாரின் உடலுறவுக்கு எதிராகப் பாவிக்கப்படும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் பிரித்தானியர் காலத்திலிருந்து வருகின்றன. முதலில் 365அ ஆண்களை மட்டுமே குறித்தது. 1995 இல் திருத்தியபோது, நீக்காமல், பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். இப்பிரிவுகளை மாற்ற வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் சொன்னது. அதனால் மட்டும் பிரிவுகள் தாமாக மறைந்துவிடவில்லை. சட்டம் தண்டிப்பது செயலை, ஒருவரின் விருப்பத்தையோ அதைப் பற்றி எழுதுவதையோ அல்ல. ஆனால் உங்கள் பந்தியின் கடைசி இரண்டு வசனமும் செயலைப் பற்றியவை, அதுவும் இன்னொருத்தியின் செயலை. நீதிமன்றம் வரை போகாது என்றே வையுங்கள். பொலிஸ் ஒரு தரம் வீட்டுக்கு வந்தால் போதுமே, அல்லது அவள் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம்.

சட்டத்தை விட்டாலும் எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உங்கள் கதை, ஒரு நோ வந்து வைத்தியம் செய்து சுகமான கதை. அதற்குப் பக்கத்தில் அவளைக் கொண்டுபோய் வைத்தால், வாசிக்கிறவர் அவளுடைய காதலையும் சுகப்படுத்த வேண்டிய ஒன்றாக நினைக்க மாட்டாரா? நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பந்திகள் ஒன்றின் சாயத்தை ஒன்று வாங்கும். அவள் எழுத விரும்பினால் அவளே எழுதட்டும், நான் பார்த்துத் தருகிறேன்.

சொற்களுக்கு வருவோம். நீங்கள் "அது" என்ற சொல்லை 27 தரம் பாவித்திருக்கிறீர்கள். எண்ணினேன். "தாம்பத்தியம்", "அந்த விஷயம்", "அந்தரங்க உறுப்பு", பிறகு நோ உச்சத்துக்குப் போகும் இடத்தில் சட்டென்று முழு வசனமும் ஆங்கிலம். ஏன் என்று விளங்குகிறது. ஆங்கிலத்தில் சொன்னால் அது டொக்டரின் சொல், தமிழில் சொன்னால் எங்கள் வாயிலிருந்து வருகிறது. ஆனால் உங்களைப்போல அறைக்குள் தனியாக அழுதுகொண்டிருக்கும் ஒருத்திக்காகத்தானே எழுதுகிறீர்கள், அவள் கூகுளில் என்ன சொல்லைப் போட்டுத் தேடுவாள்? "உடலுறவில் நோ", "உடலுறவு கொள்ள முடியவில்லை" என்றுதான் தேடுவாள். அந்தச் சொற்கள் கட்டுரையில் இருக்க வேண்டும். யோனி என்று எழுதுங்கள், ஒன்றும் நடக்காது. முதல் தரம்தான் கை கூசும்.

டொக்டர் சொன்ன பெயரை வஜினிஸ்மஸ் என்று தமிழ் எழுத்திலேயே ஒரு தரம் போட்டு, யோனி வாசலைச் சுற்றியுள்ள தசைகள் எங்கள் விருப்பத்தைக் கேளாமல் தாமாக இறுகுவது என்று விளக்கிவிடுங்கள். கண்ணுக்குக் கிட்ட விரல் வந்தால் இமை மூடிக்கொள்வதுபோல என்று நீங்களே ஓர் இடத்தில் எழுதியிருப்பது அருமை. அதைக் கீழேயிருந்து மேலே கொண்டுவாருங்கள். தசைகளைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சி, யோனிக்குள் வைத்துப் பழகும், சிறிய அளவிலிருந்து படிப்படியாகப் பெரிதாகும் விரிப்பான்கள், மனநல ஆலோசனை ஆகியவற்றால் இது பெரும்பாலும் சுகமாகும் என்பதற்கு ஒரு முழுப் பந்தி கொடுங்கள். இப்போது அது ஒரே வசனத்தில் ஓடிவிடுகிறது, சிலர் அதற்காக மட்டுமே வாசிப்பார்கள். அம்மா கன்னித்திரையைப் பற்றிச் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அது பிழையான நம்பிக்கை என்று அடுத்த வசனத்திலேயே சொல்லாவிட்டால் அம்மாவின் கூற்றே நிலைத்துவிடும்.

இன்னுமொரு சொல். பஸ்ஸில் நடந்ததைப் "பாலியல் சேட்டை" என்று எழுதியிருக்கிறீர்கள், எங்கள் பத்திரிகைகளைப் பார்த்துப் பழகியதால். குரங்கு செய்வதும் சேட்டை, மூன்று வயதுப் பிள்ளை செய்வதும் சேட்டை. ஒரு பெண்ணின் உடம்பில் கை வைப்பதும் அதேதானா? என்ன செய்தான் என்பதை எழுதுங்கள், பெயர் வைக்கத் தேவையில்லை. "கற்பழிப்பு" என்ற சொல்லை நீங்கள் எங்கும் பாவிக்கவில்லை, நன்றி. நான் வேலை தொடங்கிய காலத்தில் அதை வெட்டி "வல்லுறவு" என்று போட்டதற்கு ஒரு முழு மத்தியானம் சண்டை பிடித்திருக்கிறேன்.

இதழ் சென்னைப் பக்கம் என்றால் உங்கள் "பால்நிலை"யைப் "பாலினம்" என்று மாற்றுவார்கள். இரண்டும் ஒன்றுதான், விட்டுக்கொடுக்கலாம். "நோ"வை "வலி" ஆக்கினால் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இதழுக்கு எழுதும்போது, உங்கள் உண்மைப் பெயர் அங்கே எத்தனை பேருக்குத் தெரியவரும் என்று கேளுங்கள். சன்மானம் உண்டென்றால் வங்கிக் கணக்கின் பெயர் கணக்காளருக்குத் தெரியும், அதை யாரும் நினைப்பதில்லை. தலைப்பையும் படத்தையும் வெளியிட முதல் காட்டுவார்களா என்று கேளுங்கள். ஒழுங்கான கட்டுரைக்கு "முதலிரவில் நடந்தது என்ன" என்று தலைப்புப் போட்டு, கட்டிலின் ஓரத்தில் தலைகுனிந்திருக்கும் சேலைக்காரியின் படத்தையும் வைத்துவிடுவார்கள். நீக்கச் சொன்னால் நீக்குவார்களா என்பதையும் கேளுங்கள், ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷொட் எடுக்க இரண்டு செக்கன் போதும். 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம், புனைபெயரில் எழுதவும் பெயரைப் போடாமல் விடவும் எழுதியவருக்கு உரிமை கொடுக்கிறது. அதனால் இதைத் தயவாகக் கேட்கத் தேவையில்லை. பதில் எழுத்தில் இருக்கட்டும். மின்னஞ்சல் போதும்.

யாராவது பிறகு உங்களைத் துன்புறுத்துவதற்காக உண்மைப் பெயரையும் விலாசத்தையும் போட்டால், 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் மேல் எனக்குப் பெரிய அன்பு இல்லை, எழுதுகிறவர்களுக்கு எதிராகவும் திருப்பக்கூடிய சட்டம் அது. ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள், வந்ததைத் திகதியோடு படம் பிடித்துச் சேமியுங்கள்.

கடைசித் திகதிக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்றீர்கள். அவசரமில்லை. அவர் வாசிக்கட்டும், பதினொரு இடத்தையும் பாருங்கள், பிறகு திரும்ப அனுப்புங்கள்.

புனைபெயருக்கு மூன்று எழுதியிருந்தீர்கள். முதலாவது எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் எட்டாம் பந்தியில் அது உங்கள் அம்மம்மாவின் பெயர் என்று நீங்களே சொல்கிறீர்கள். மூன்றாவதைப் போடுங்கள்.